கொடியை இறக்கும் நேரம்

கரண்ட் இல்லாத, போன் எடுக்காத, குழாயில் தண்ணீர் வராத வீட்டில் நாங்கள் முப்பது வருடமாகக் குடியிருக்கிறோம். அதற்குப் பெயர் வறுமை. அதே மாதிரி ஒரு வீட்டுக்கு வெள்ளையடித்து, வாசலில் ஒரு கள்ளிச்செடியை வைத்து, "மௌனம்" என்று பலகை மாட்டிவிட்டால் அதற்குப் பெயர் ஓய்வில்லம். நகரத்திலிருந்து ஆட்கள் வந்து நான்கு நாள் தங்கிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பிப் போகிறார்கள். மனசு சுத்தமாகிவிட்டதாம். கக்கூஸ் வாளியை யார் சுத்தம் செய்தது என்று ஒருத்தனும் கேட்டதில்லை.

செய்தது வெர்னா கல்பெப்பர். இது அவள் கதை. நடுவில் என் மூக்கும் அறுபடும், அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நான் டோபின். மொஹாவிப் பாலைவனத்தில் பிட்டர் வாஷ் என்ற எங்கள் பள்ளத்தாக்குக்குத் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். மொத்தம் பதினான்கு வீடு. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு ஒரு மைல், அரை மைல். ஒரு காலத்தில் அரசாங்கம், "ஐந்து ஏக்கர் தருகிறேன், ஒரே ஒரு அறை கட்டிக் காட்டு போதும்" என்று சொன்னதாம். ஆட்கள் வந்து பிஸ்கட் டப்பா மாதிரி ஒரு அறையைக் கட்டிவிட்டு, ஒரு கோடையைப் பார்த்ததும் ஓடிப்போனார்கள். அந்த டப்பாக்களில்தான் நாங்கள் இருக்கிறோம். அந்த டப்பாக்களில் ஒன்றுதான் மௌனம்.

வெர்னா இருபது வயதில் டேல் என்ற புருஷனோடு ஓட்டை வேன் ஒன்றில் இங்கே வந்தாள். வேன் நின்றுவிட்டது, டேல் நிற்கவில்லை. கைக்குழந்தையோடு அவள் தங்கிவிட்டாள். நெடுஞ்சாலை ஊரில் இருபத்திரண்டு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். பேருந்தில் எவனாவது வாலாட்டினால் அவனை வீட்டுக்கு ஒரு மைல் முன்னாலேயே இறக்கிவிட்டு, அவன் நடைக்குச் சமமாகப் பேருந்தை உருட்டிக்கொண்டு கூடவே போவாள். உள்ளே இருக்கிற பிள்ளைகள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு அவனைக் கிண்டல் செய்துகொண்டே வரும். தாய்மார்கள் புகார் எழுதினார்கள். அதே தாய்மார்கள் கிறிஸ்துமஸுக்கு அவளுக்குக் கேக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அவள் வாய்க்கு இந்தப் பள்ளத்தாக்கில் பயப்படாத ஆள் கிடையாது. அவள் பயந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான். ஹோபர்ட் லூம் மாதிரி சாகக் கூடாது.

ஹோபர்ட் வடக்குப் பக்கம் ஒரு டிரெய்லர் வண்டி வீட்டில் தனியாக இருந்தவன். எல்லோரிடமும் சண்டை போட்டுக்கொண்டு ஒருத்தரோடும் பேசாமல் இருந்தான். ஒரு ஆகஸ்டில் ஆளைக் காணவில்லை. முறுக்கிக்கொண்டு உள்ளேயே கிடக்கிறான், கிடக்கட்டும் என்று விட்டுவிட்டோம். பதினோரு நாள். வெர்னாதான் போய்க் கதவைத் திறந்தாள். அவள் என்ன பார்த்தாள் என்று அவளும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கால் முறிந்து இரண்டு நாள் உயிரோடு கிடந்திருக்கிறான் என்று மட்டும் பிறகு தெரிந்தது. கையில் ஒரு கரண்டி இருந்ததாம். தரையைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறான்.

அடக்கம் முடிந்த மறுநாள், தார் ரோடு முடிகிற இடத்தில் இருக்கிற தபால் பெட்டி வரிசைக்கு முன்னால் வெர்னா எல்லோரையும் நிறுத்தினாள்.

"ஆளுக்கு ஒரு கம்பம். காலைல ஏழு மணிக்குள்ள ஒரு துணிய ஏத்தணும். சூரியன் மறைஞ்சதும் இறக்கணும். ஏறலைன்னா பக்கத்து வீட்டுக்காரன் போய்ப் பாக்கணும். இறங்கலைன்னாலும் போய்ப் பாக்கணும். புரியுதா, இல்ல படம் போட்டுக் காட்டணுமா?"

புரிந்தது. எல்லோரும் கம்பம் நட்டோம். வெர்னாவுடையது ஆரஞ்சுத் தார்ப்பாய்த் துண்டு. அவள் வீட்டுக்கு முன்னால் இருந்த மேட்டில் நட்டதால் மேற்கே ஒரு மைல் தள்ளி இருக்கிற என் முற்றத்துக்கும் தெரியும், கிழக்கே அரை மைல் தள்ளி இருக்கிற அந்த மௌனத்துக்கும் தெரியும். என்னுடையது ஒரு நீலத் துண்டு. என் கொடியை அவள் பார்ப்பாள், அவள் கொடியை நான் பார்ப்பேன்.

அவள் மகள் கொரீன் பேக்கர்ஸ்ஃபீல்டில் நர்ஸ் வேலை பார்க்கிறாள். வருகிற ஒவ்வொரு முறையும் "கிளம்பும்மா" என்பாள். கொடி வந்தபிறகுதான் வாயை மூடினாள். அதுவும் ஒரு நிபந்தனையோடு. என் எதிரிலேயே சொன்னாள்: "அந்தக் கொடி ஒரே ஒரு நாள் தப்பட்டும். மறுநாள் சாமானைக் கட்டிடுவேன். உன் பேச்சை அன்னிக்குக் கேக்க மாட்டேன்."

வெர்னாவுக்கு அது போதும். பேக்கர்ஸ்ஃபீல்டில் மகள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுக்காரனின் குளியலறைதான் தெரியும். "அங்க நான் ஒரு வாரம் இருந்தா அவன் பல்லு எத்தனைன்னு சொல்லிடுவேன்" என்பாள். அந்த மேட்டிலேயே இருந்து சாக வேண்டும், செத்தால் அன்றைக்கே யாராவது பார்க்க வேண்டும். அவள் ஆசை அவ்வளவுதான்.

இனி எங்கள் யோக்கியதையைச் சொல்கிறேன். முதல் வருடம் ஒழுங்காக ஏற்றினோம், இறக்கினோம். இரண்டாவது வருடம் சாயங்காலம் நாற்காலியில் உட்கார்ந்தபிறகு எழுந்திருக்க முதுகு வலித்தது. நாளைக்குக் காலையில் மறுபடி ஏற்றத்தானே போகிறோம் என்று ஒருத்தன் அப்படியே விட்டான். அடுத்தவன் அவனைப் பார்த்து விட்டான். ஐந்தாவது வருடத்தில் பதின்மூன்று கொடியும் ராத்திரி பகல் என்று பாராமல் பறந்தன. காற்றில் கிழிந்தால்தான் மாற்றுவோம். செத்தவனுக்கும் பறக்கும், இருக்கிறவனுக்கும் பறக்கும். ஹோபர்ட் இருந்திருந்தால் அவனுக்கும் ஒரு மாதம் பறந்திருக்கும். வெர்னா ஒருத்திதான் தினமும் ஏற்றி தினமும் இறக்கினாள். நாங்கள் அதைப் பற்றித் தபால் பெட்டிப் பக்கம் நின்று சிரித்தோம். ராணுவ முகாம் நடத்துகிறாள் என்போம்.

மௌனத்தை வாங்கியவன் கேம்டன் என்ற நகரத்துப் பையன். தாடி, தொப்பி, கிழிந்த மாதிரியே தைத்த பேன்ட். வீட்டைப் பார்த்துக்கொள்ள வெர்னாவை வைத்துக்கொண்டான். சோலார் பலகையைத் துடைப்பது, பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவது, கேஸ் சிலிண்டர் மாற்றுவது, மரத்தூள் கக்கூஸின் வாளியைக் கொட்டுவது, பிறகு வருகிறவர்களுக்கு வீட்டைக் காட்டுவது. வந்தவர்களை அவள் வரவேற்கிற அழகை நான் தண்ணீர் ஊற்றும்போது பலமுறை பார்த்திருக்கிறேன்.

"இங்க சிக்னல் எங்க கிடைக்கும்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"நீ எதுக்கும்மா வந்த?"

"உலகத்தோட தொடர்பை அறுத்துக்க."

"அறுந்துடுச்சு. போய் உக்காரு."

இன்னொரு ஜோடி, ராத்திரி நட்சத்திரம் ரொம்பப் பிரகாசமாக இருப்பதால் தூக்கம் வரவில்லை என்று காலையில் அவளிடம் புகார் சொன்னது. அணைக்கச் சொல்கிறேன் என்று சொல்லி அனுப்பினாள். ஒருத்தன் ஐம்பது காலன் தண்ணீரை ஒரே குளியலில் தீர்த்துவிட்டுத் தலையில் சோப்பு நுரையோடு அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான். அவள் உள்ளே போய் ஒரு துண்டை மட்டும் கொண்டுவந்து கொடுத்தாள்.

அந்த வீட்டுக் கதவுக்குப் பின்னால் அவள் கையால் எழுதின விதிகள் ஒட்டியிருக்கும். பூட்ஸைப் போடும் முன் உதறு, உள்ளே தேள் இருக்கும். கொயோட்டுக்குச் சோறு போடாதே, அது நாய் இல்லை. இப்படிப் பதினான்கு. கடைசி விதி: 'மேற்கே தெரியும் ஆரஞ்சுக் கொடியைப் பார். சூரியன் வந்ததும் ஏறும், மறைந்ததும் இறங்கும். தப்பினால் போய்ப் பார்.' விருந்தாளிகள் பயப்படுவார்கள், அதை எடுத்துவிடுங்கள் என்று கேம்டன் கெஞ்சினான். "எடுக்கறேன், கக்கூஸ் வாளிய நீ வந்து கொட்டு" என்றாள். விதி அங்கேயே இருந்தது. ஒருத்தரும் படித்ததில்லை. படித்தவர்கள் கொடியோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

போன ஏப்ரலில் ஆர்லன் பீக் வந்தான்.

நாற்பது வயதிருக்கும். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் படிவங்களைச் சரிபார்க்கிற வேலை. வந்த அன்றைக்கே சின்னக் காரைக் கொண்டுபோய் ஓடை மணலில் அச்சு வரைக்கும் புதைத்தான். காரை இழுக்க நாள் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு அப்படியே விட்டேன். இழுத்தால் மறுபடி எங்காவது புதைப்பான். ஆள் ஒல்லி, மூக்கில் வெள்ளையாகக் களிம்பு, கழுத்தில் விசில். விசில் எதற்கு என்று வெர்னா கேட்டாளாம். ஆபத்துக்கு என்றானாம். "ஊது, கேக்கறவன் யாருன்னு நானும் பாக்கறேன்" என்றாளாம்.

நான் தொட்டியில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது அவன் விதிகள் இருந்த தாளைக் கதவிலிருந்து கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தான்.

"மேடம், பதினாலாவது விதில ஒரு சந்தேகம்."

வெர்னா என்னைப் பார்த்தாள். நான் குழாயைப் பார்த்தேன்.

"சூரியன் மறையறதுன்னு போட்டிருக்கீங்க. மலைக்குப் பின்னால போறதா, இல்ல வெளிச்சம் போறதா? ரெண்டுக்கும் இருபது நிமிஷம் வித்தியாசம் வருமே."

"அட கடவுளே" என்றாள் வெர்னா. "தம்பி, உன் கல்யாணத்துல பாதிரியார்கிட்டயும் இப்படித்தான் கேட்டியா?"

"எனக்குக் கல்யாணம் ஆகல மேடம்."

"பாதிரியார் பொழச்சார்."

நான் சிரித்த சிரிப்பில் தண்ணீர் தொட்டிக்கு வெளியே போயிற்று. அவன் கோபப்படவில்லை, பேனாவை வைத்துக்கொண்டு நின்றான். கடைசியில் அவளே இறங்கி வந்தாள். "மலைக்குப் பின்னால போறது. போதுமா?" அவன் எழுதிக்கொண்டான்.

புதன்கிழமை தபால் பெட்டிப் பக்கம் வெர்னாவைப் பார்த்தேன். சிகரெட்டைப் பற்ற வைத்துக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டாள்.

"அந்த விசில்காரன் நோட்டுப் போட்டு எழுதறான்டா. ஞாயித்துக்கிழமை ஏழு ஒம்பது, திங்கக்கிழமை ஏழு பத்து, நேத்து ஏழு பதினொண்ணு. நான் கொடி இறக்கற நேரமாம். நேத்து ஒரு நிமிஷம் லேட்டாம், வந்து விசாரிக்கறான். நான் என்ன ரயிலா?"

"கொடிய இறக்காம விடு. பைத்தியம் தெளிஞ்சிடும்."

"உன்ன மாதிரியா? உன் துண்டு ஜனவரில ஏறினது. போன வாரம் செத்துட்டியோன்னு உன் ஜன்னல்கிட்ட வந்து நின்னேன். குறட்டை கேட்டுது. திரும்பிட்டேன்." புகையை என் முகத்துக்கே விட்டாள். "அப்புறம், போன தடவ நீ ஊத்தினது தொட்டில பாதிகூட ஏறல. ஓட்டை லாரிய வெச்சுக்கிட்டு வழியெல்லாம் கள்ளிக்குத் தண்ணி பாய்ச்சறியா?"

"நிறைய ஊத்தினேன். வேணும்னா ஏறிப் பாரு."

அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்க வேண்டாம்.

வியாழக்கிழமை காலை அவள் கொடியை ஏற்றினாள். பிறகு அளவுக்கம்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் இருக்கிற தண்ணீர்த் தொட்டியின் ஏணியில் ஏறினாள். எட்டு மணி இருக்கும். மேல் படி துருப்பிடித்தது, கையோடு வந்துவிட்டது. விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது. தொட்டியின் நிழல் பக்கமாக விழுந்தாள், அதனால்தான் வெயிலில் வறுபடவில்லை. மதியத்துக்கு மேல் நிழல் மறுபக்கம் போனபோது முழங்கையை ஊன்றி நிழலோடு நகர்ந்திருக்கிறாள். ஆறேழு அடி. அதற்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று அவள் சொன்னதில்லை.

அன்றைக்கு நான் அந்த வழியாக இரண்டு முறை போனேன். பதினொரு மணிக்கு ஒரு நடை, நாலு மணிக்கு ஒரு நடை. ரோட்டிலிருந்து அவள் வீடு இருநூறு கஜம்கூட இருக்காது. மேட்டில் ஆரஞ்சுக் கொடி பறந்தது. போகும்போதும் ஹாரன் அடித்தேன், வரும்போதும் ஹாரன் அடித்தேன். அது எங்கள் வணக்கம். அவள் கத்தியிருக்கிறாள். லாரி இரைச்சலில் எனக்கு எதுவும் கேட்கவில்லை.

இதைக்கூட ஒருத்தர் மன்னித்துவிடலாம். அடுத்ததைக் கேளுங்கள். சாயங்காலம் என் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கையில் பீர், அடுப்பில் பீன்ஸ். சூரியன் மலைக்குப் பின்னால் போயிற்று. கிழக்கே பார்த்தேன். வெர்னாவின் கொடி இறங்கவில்லை. கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டு என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். 'கடைசியில் இவளுக்கும் புத்தி வந்தது, நம்ம ஆளாகிவிட்டாள்' என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் தபால் பெட்டிப் பக்கம் அவளை எப்படிக் கலாய்க்கலாம் என்று வார்த்தைகூடத் தேடினேன். கொடியைக் கம்பத்திலேயே விட்டுவிட்டுத் தூங்குகிறவனுக்கு மற்றவர்களும் அப்படித்தான் செய்வார்கள் என்று தோன்றும். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

கருக்கல் நேரத்தில் மேட்டு வழியாக ஒருத்தன் ஓடிவந்தான். ஓடி வந்தான் என்பதைவிட விழுந்து விழுந்து வந்தான் என்பதே சரி. பேன்டில் முழங்கால் வரைக்கும் கள்ளி முள். ஒரு காலில் செருப்பு இல்லை. கழுத்தில் விசில்.

"என்ன தம்பி, வாளி நெறஞ்சிடுச்சா?" என்று கேட்டேன். ஆமாம், அதைத்தான் கேட்டேன்.

அவனுக்கு மூச்சு வாங்கியது. "கொடி... இறங்கல."

"என்னது?"

"ஏழு பதிமூணுக்கு இறங்கணும். இறங்கல. ஏழு இருபது வரைக்கும் பாத்தேன். அப்புறம் விதில போட்டிருக்கற மாதிரி போய்ப் பாத்தேன். தொட்டிகிட்ட விழுந்து கிடக்காங்க. உயிர் இருக்கு. குளிருது அவங்களுக்கு. என் கோட்டைப் போத்தியிருக்கேன், தண்ணி குடுத்தேன். விசில் ஊதினேன்..." நிறுத்தினான். "யாருக்கும் கேக்கல."

பீரைத் தரையில் வைத்துவிட்டு லாரிச் சாவியை எடுத்தேன்.

லாரியில் போனோம். தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு டார்ச்சை எரியவிட்டுத் தரையில் வைத்துவிட்டு வந்திருந்தான். வெர்னாவின் முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. உதடு வெடித்திருந்தது. நான் மண்டியிட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஹாரன் நல்லா அடிக்கற" என்றாள்.

அவனை அவளோடு விட்டுவிட்டு, சிக்னல் கிடைக்கிற குன்றுக்கு லாரியை விரட்டிப் போய் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். திரும்பி வந்தபோது அவள் தலை அவன் மடியில் இருந்தது. அவன் அவளுக்கு ஏதோ வாசித்துக்கொண்டிருந்தான். குனிந்து பார்த்தேன். அவளுடைய பதினான்கு விதிகளையே அவளுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தான். தூங்கவிடக் கூடாது என்று எங்கேயோ படித்தானாம். கையில் வேறு புத்தகம் இல்லையாம். "ஒம்பதாவதுல எழுத்துப்பிழை இருக்காம், சொல்றான்" என்று அவள் முனகினாள்.

ஏப்ரலில் இங்கே பகலை நம்பி ராத்திரியில் வெளியே படுக்க முடியாது. விடியும் வரைக்கும் கிடந்திருந்தால் குளிரே முடித்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். மறுநாள் காலையில் நான் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். எழுந்து கிழக்கே பார்த்திருப்பேன். கொடி பறந்துகொண்டிருக்கும். காபி போட்டிருப்பேன். எத்தனை நாள் பார்த்திருப்பேன்? பதினோரு நாளா?

மூன்றாவது நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கொரீன் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். ஆர்லன் மூலையில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான். விடுமுறை முடிந்தும் போகவில்லை. கொரீன் என்னிடம் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் பரவாயில்லை.

"கொடி இறங்கல. நீங்க பாத்தீங்களா, பாக்கலையா?"

"பாத்தேன்."

"பாத்துட்டு?"

கொரீன் அம்மா பக்கம் திரும்பினாள். "பேசினது பேசினதுதான்மா. கொடி தப்பிடுச்சு. வீட்டைக் காலி பண்றேன்."

வெர்னா கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள். இடுப்பில் இரும்பு வைத்திருந்தார்கள். வாயில் ஒன்றும் வைக்கவில்லை.

"தப்பிடுச்சுன்னு யாரு சொன்னா? கொடி தப்பல. இறங்கல, ஒருத்தன் பாத்தான், வந்தான். விதி எப்படிப் போட்டேனோ அப்படியே நடந்துது. ஏ தம்பி, எத்தனை மணி?"

"ஏழு இருபதுக்குக் கிளம்பினேன் மேடம்" என்றான் ஆர்லன். நோட்டை எடுத்துக் கொரீனிடம் நீட்டவும் செய்தான். ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், வியாழன். கொரீன் அதை வெகு நேரம் பார்த்தாள்.

"இவர் ஊருக்குப் போயிடுவார். அடுத்த வாரம் யாரு பாப்பாங்க? இவரா?" என்று என் பக்கம் தலையை ஆட்டினாள்.

"அந்த வீட்டுக்கு வருஷத்துல பத்து மாசம் ஆள் வருது. வர்ற ஒவ்வொரு பைத்தியத்தையும் உக்கார வெச்சு, அந்த விதிய வாய்விட்டுப் படிக்க வெக்கறேன். படிச்சாத்தான் சாவி. ஆள் வராத நாள்ல உன் வீட்டுக்கு வந்து, அந்தக் குளியலறைக்காரன் பல்ல எண்ணறேன். சம்மதமா?"

கொரீன் அழுதுவிட்டாள். அதுதான் சம்மதம். ஆர்லனும் அழுதான், அவனுக்கு என்ன சம்பந்தமோ தெரியவில்லை. வெர்னா இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "இதுக்குத்தான் நான் பாலைவனத்துல இருக்கேன், ஈரம் ஆகாது எனக்கு" என்றாள்.

கோடை முழுவதும் அவள் மகள் வீட்டில் இருந்தாள். அந்தக் கோடையில் நான் என் நீலத் துண்டைத் தினமும் ஏற்றினேன், தினமும் இறக்கினேன். பார்க்க ஆள் இல்லை. அது தெரிந்தும் செய்தேன். மற்ற பன்னிரண்டு கொடிகளும் எப்போதும்போல ராத்திரி பகலாகப் பறந்தன. தபால் பெட்டிப் பக்கம் இப்போது என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

அக்டோபரில் வெர்னா திரும்பி வந்தாள். கைத்தடி, பாதி வேகம், முழு வாய். மௌனத்துக்கு அந்த வாரம் இரண்டு சகோதரிகள் வந்திருந்தார்கள். ஒருத்தி பல் டாக்டர், ஒருத்தி பூக்கடைக்காரி. கதவுக்குப் பின்னால் பதினான்காவது விதி இப்போது முதல் விதி. சாயங்காலம் வெர்னா கொடியை இறக்கினால் இரண்டு பேரும் அரை மைலுக்கு அப்பால் நின்று கைதட்டுகிறார்கள். அசடுகள். வெர்னா திட்டிக்கொண்டே கையை உயர்த்திக் காட்டுகிறாள். தினமும் காட்டுகிறாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் என்னைக் கூப்பிட்டனுப்பினாள். கடப்பாரை கொண்டுவா என்றாள். கொண்டுபோனேன். மேட்டில் இருந்த கம்பத்தைப் பிடுங்கச் சொன்னாள். பிடுங்கினேன். அந்த மேட்டில் ஏறி இறங்க இனி அவள் இடுப்புக்கு முடியாது, நியாயம்தான் என்று நினைத்தேன். அவள் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்தாள், நான் கம்பத்தைத் தோளில் வைத்துக்கொண்டு பின்னால் போனேன். வீட்டுக்குக் கிழக்கே, சமையலறைக் கதவுக்கு எதிரே, தொட்டியைத் தாண்டிப் பள்ளமான இடத்தில் நின்று தடியால் தரையைக் குத்திக் காட்டினாள்.

"இங்க."

தோண்டினேன். கல்லுத் தரை. ஒரு மணி நேரம் ஆயிற்று. அவள் கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்துகொண்டு, ஆழம் போதாது, சாய்கிறது, முப்பது வருடமாய்க் குழாய் பிடித்த கைக்குக் கடப்பாரை எங்கே தெரியும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. கம்பத்தை இறக்கி நிமிர்த்திப் பிடித்தபோது எதேச்சையாக மேற்கே திரும்பிப் பார்த்தேன். தொட்டி, அதற்குப் பின்னால் அவள் வீட்டுச் சுவர், அதற்குமேல் கூரை. அவ்வளவுதான் தெரிந்தது. கிழக்கே பார்த்தேன். மௌனத்தின் வெள்ளைச் சுவர் கண்ணுக்கு நேராக இருந்தது.

"வெர்னா" என்றேன். "இங்க நட்டா என் வீட்டுலேருந்து தெரியாது."

"தெரியாது."

"ஒருத்தருக்கு ரெண்டு பேர் பாத்தா நல்லதுதானே. நான் இப்ப தினமும் இறக்கறேன். பாக்கறேன். சத்தியமா."

அவள் சிகரெட்டைப் பற்றவைத்தாள். என்னைப் பார்க்கவில்லை. அந்த அசட்டுச் சகோதரிகளின் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சப்ப என்னத்தக் கிழிச்ச?" என்றாள்.

நான் குழியில் மண்ணைத் தள்ளி, கம்பம் ஆடாதபடி காலால் மிதித்து இறுக்கினேன்.